கப்பலில் வந்த கட்டில்

சந்தனமாரி அந்தரத்தில் கிடந்தாள்.

என் நெஞ்சு உயரத்துக்கு ஏறி நின்ற கட்டிலில், மல்லாந்து, கூரையைப் பார்த்தபடி. அன்றைய கதிர்வீச்சு முடிந்து நாலு நிமிஷம் ஆகியிருந்தது. கட்டில் கீழே இறங்கவேண்டும். டெக்னீஷியன் பொத்தானை அழுத்தினார். கட்டில் ஒரு முனகல் முனகியது. மறுபடி அழுத்தினார். முனகலும் நின்றுபோனது.

எங்கள் துறையில் மேலே போன யாரும் தாமாகக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. கட்டிலும் அரசுச் சொத்துதானே என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தனமாரிக்கு இதையெல்லாம் ரசிக்கிற நிலைமை இல்லை. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கதிர் கொடுக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருக்கவேண்டும். நிறைந்த பை குடலைத் தள்ளிவைக்கும். குடல் புண்ணாகாமல் தப்பிக்கும். அதற்காக ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் குடிக்கவைத்து, அடக்கிக்கொண்டு படுக்கச் சொல்வோம். அவளும் சொன்னபடி குடித்திருந்தாள். சொன்னபடி செய்கிறவர்களுக்குத்தான் நம் நாட்டில் இப்படியெல்லாம் நடக்கும்.

“மேடம், எனக்கு அவசரமாப் போணும்” என்றாள் மேலேயிருந்து. கோபமில்லை. தகவல் சொல்கிற குரல்.

கிரேஸ் சிஸ்டர் ஓடிப்போய், டியூப்லைட் மாட்ட வைத்திருக்கும் இரும்பு ஸ்டூலைத் தூக்கிவந்தார். நாசரேத்துக்காரர். முப்பது வருஷ சர்வீஸ். எந்த மெஷின் நின்றாலும் அவர் நிற்கமாட்டார். நானும் அவருமாகத் தாங்கிப் பிடிக்க, சந்தனமாரி சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கி, கழிப்பறைப் பக்கம் ஓடினாள். பல கோடி மதிப்புள்ள இயந்திரம் இருந்த அந்த அறையில், அன்றைக்கு வேலை செய்த ஒரே கருவி ஸ்டூல்.

முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவள், “கட்டில் சரியாயிரும்லா மேடம்?” என்று கேட்டாள்.

“நாளைக்கே சரியாயிடும்” என்றேன். இத்தனை வருஷத்தில் நோயாளிகளிடம் நான் சொன்ன பொய்களில் இது மிகச் சின்னது என்பதால் சட்டென்று வந்துவிட்டது.

கல் முதலில், மற்றவை பிறகு

இந்த இயந்திரம் எங்கள் தூத்துக்குடிக்கு வந்த கதையைச் சொல்லியாகவேண்டும்.

அதற்கு முன்னால், கதிர் சிகிச்சை வேண்டும் என்றால் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். ஏழு வாரம், தினமும் பத்து நிமிஷ சிகிச்சை. அந்தப் பத்து நிமிஷத்துக்காக ஊர் விட்டு ஊர் போய்த் தங்கவேண்டும். சீட்டைப் பத்திரமாக மடித்து வாங்கிக்கொள்வார்கள். சிலர் அடுத்த வருஷம் அதே சீட்டை, அதே மடிப்போடு, என்னிடம் திரும்பக் கொண்டுவருவார்கள். ஏன் போகவில்லை என்று கேட்பேன். “போணும் போணும்னுதான் இருந்தேன்” என்பார்கள்.

அப்புறம் எங்களுக்கே ஓர் இயந்திரம் என்று அறிவிப்பு வந்தது. முதலில் வந்து சேர்ந்தது கல்வெட்டு. பளபளக்கும் கறுப்புக் கல், தங்க எழுத்து. அது ஆறு மாதம் படிக்கட்டுக்குக் கீழே சாக்கு போர்த்திக் கிடந்தது. பிறகு கட்டடம். கடைசியாக, போனால் போகிறது என்று இயந்திரம். திறப்பு விழாவில் பேசியவர், இனி இந்த மாவட்டத்தில் புற்றுநோய் இருக்காது என்று அறிவித்தார். கைதட்டினோம். புற்றுநோய்க்கு அந்த அறிவிப்பு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. மறுநாள் காலையிலேயே வரிசை வராண்டாவைத் தாண்டி நின்றது.

குறை சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அந்த இயந்திரம் வந்த பிறகு எத்தனையோ பேர் காலையில் பஸ் ஏறி வந்து, கதிர் வாங்கிக்கொண்டு, மத்தியானம் வீட்டில் சோறு வடித்தார்கள். அதைப் பார்த்தவள் நான். இப்படி வாயார ஏசுவதற்கும் எனக்கு உரிமை உண்டு.

வயிற்றில் கட்டி

சந்தனமாரிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயசிருக்கும். ஏரலில் அவள் கணவர் முருகேசனுக்குப் பலசரக்குக் கடை. இவளுக்குத் துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை. கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்தில் காட்டி வெளியே எடுக்க எத்தனை காகிதம் வேண்டுமோ அத்தனையையும் தயார்செய்வது. இருபது வருஷமாக அதுதான். சிகிச்சை தொடங்கிய பிறகும் விடவில்லை. காலையில் பஸ்ஸில் வந்து கதிர் வாங்கிக்கொள்வாள், அப்படியே ஆபீஸுக்குப் போய்விடுவாள்.

முதல் நாளே முருகேசன் என்னைத் தனியாகப் பிடித்தார். “மேடம், அவகிட்ட இன்ன வியாதின்னு சொல்லிராதீங்க. தாங்கமாட்டா. வயித்துல கட்டின்னு சொல்லி வச்சிருக்கேன்.”

அவர் மருந்து வாங்கப் போன நேரத்தில் சந்தனமாரி சொன்னாள்: “மேடம், எனக்கு இது என்னன்னு தெரியும். போர்டுலயே எழுதிப் போட்டிருக்கு. அவங்ககிட்ட மட்டும் சொல்லிராதீங்க. பாவம், பயந்துருவாங்க.”

இந்த ஊரில் எங்கள் வேலையில் பாதி இதுதான். புற்றுநோய்ப் பிரிவு என்று மூன்று அடி எழுத்தில் எழுதிய வாசல் வழியாக இரண்டு பேரும் தினமும் சேர்ந்து நடந்துவருவார்கள். வியாதியின் பெயர் மட்டும் ஒருவருக்கொருவர் தெரியாது. நான் இருவருக்கும் வாக்குக் கொடுத்து, இருவரிடமும் “கட்டி”யைப் பற்றி விவரமாகப் பேசினேன்.

ஆபீஸிலும் அவள் கட்டி என்றுதான் சொல்லியிருந்தாள். அங்கே ஒருவர் முள்சீத்தா இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் கட்டி கரையும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டியிருக்கிறார். “குடிச்சியா?” என்று கேட்டேன். “அவரு சந்தோசத்துக்கு ஒரு நாள் குடிச்சேன்” என்றாள்.

எந்தக் கப்பல்?

மறுநாள் கட்டில் சரியாகவில்லை. மூன்றாம் நாள் சென்னையிலிருந்து பொறியாளர் வந்தார். கட்டிலுக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, எழுந்து கை துடைத்துக்கொண்டு, தூக்கி இறக்கும் பாகம் முழுசாகப் போய்விட்டது, இனி புதுக் கட்டில்தான் என்றார். கதிர் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. அதை வாங்கிக்கொள்ளப் படுக்கத்தான் இடமில்லை.

கட்டில் முன்பே அவ்வப்போது முரண்டு பிடித்ததால், புதுசு கேட்டு நான் எழுதிப் பல மாதம் ஆகியிருந்தது. ஆர்டரும் போட்டாகிவிட்டது என்று கேள்வி. அலுவலக சூப்பிரண்டு அண்ணாச்சியிடம் ஓடினேன். நல்ல மனிதர். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதமும் எதுவுமே செய்யாமலிருந்தால் எந்தத் தப்பும் நேராது என்று கண்டுபிடித்து, அதை ஒழுங்காகக் கடைப்பிடித்துவந்தார்.

“வந்துக்கிட்டிருக்கு மேடம்” என்றார்.

“எங்கே வந்துக்கிட்டிருக்கு?”

“வெளிநாட்டுல இருந்து.”

அதற்குமேல் பூமியில் எந்த இடம் என்று அவருக்கும் தெரியவில்லை, கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

சிகிச்சையை நடுவில் நிறுத்துவது சும்மா இல்லை. கதிர் பட்டு வாடிய கட்டி, இடைவெளி கிடைத்தால் மறுபடி துளிர்க்கும். கர்ப்பப்பை வாய்க்கும் தொண்டைக்கும் இத்தனை வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று வரம்பே உண்டு. தினமும் நாற்பது பேர் வராண்டாவில் வந்து உட்கார்ந்து, கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆறாம் நாள் சந்தனமாரியிடமும் அதே வசனத்தைச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

“எந்தக் கப்பல்ல மேடம்?” என்றாள்.

மருத்துவப் படிப்பு, மேல்படிப்பு, இத்தனை வருஷ அனுபவம் எல்லாம் இருந்தும், கட்டில் கப்பலில் வரும் என்றோ, கப்பலுக்குப் பெயர் இருக்கும் என்றோ நான் யோசித்ததில்லை.

“பேப்பரு எதுவும் வந்திருக்கும்லா, அதைக் காட்டுங்க” என்றாள்.

அவளை சூப்பிரண்டு அறைக்குக் கூட்டிப்போனேன். நோயாளி ஃபைலைப் பார்ப்பதற்கு விதியில் இடமில்லை என்றார். பார்க்கக்கூடாது என்றும் விதியில் இல்லை என்று நான் சொன்னேன். அவர் விதிப் புத்தகத்தைத் தேடிய நேரத்தில் அவள் கட்டுகளைப் பிரித்துவிட்டாள். ஒவ்வொரு தாளையும் முன்பக்கம் படித்து, திருப்பிப் பின்பக்கமும் பார்த்து வைப்பாள். தொழில் பழக்கம்.

“இதர கடிதங்கள்” என்று எழுதிய கட்டின் நடுவில் இருந்தது அது. சரக்கு வந்துவிட்டது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று கப்பல் கம்பெனி அனுப்பிய அறிவிப்பு. பெறப்பட்டது என்று அழகாக முத்திரை குத்தியிருந்தது. மேலே கப்பல் படம் போட்டிருந்ததால் ஏதோ சுற்றுலா விளம்பரம் என்று நினைத்துவிட்டதாக சூப்பிரண்டு அண்ணாச்சி பிற்பாடு விளக்கினார்.

சந்தனமாரி தாளை என்னிடம் நீட்டினாள். “வந்து பத்தொம்பது நாளாச்சு மேடம். இங்கனதான் கெடக்கு, நம்ம யார்டுல. இன்னும் பத்து நாள் எடுக்காம விட்டா ஏலத்துக்குப் பட்டியல் போட்ருவாங்க.”

ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் கன்டெய்னர் யார்டுக்கு ஆட்டோவில் கால் மணி நேரம். கடல் தாண்டி வந்த கட்டில், கடைசிக் கால் மணி நேரத்துக்கு வழி தெரியாமல் வெயிலில் கிடந்தது.

ஒரே ஊர், இரண்டு ஊர்

எடுக்கவேண்டியதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக் கருவி என்பதால் வரிவிலக்கு உண்டு. அதற்குத் தலைநகரில் ஓர் அலுவலகம் சான்றிதழ் கொடுத்திருந்தது. சான்றிதழில் “தூத்துக்குடி” என்று இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி தன் காகிதங்களில் பழைய பழக்கத்தில் “டூட்டிகோரின்” என்று எழுதியிருந்தது. இரண்டும் வேறு வேறு ஊர் போலத் தெரிவதால், எது சரி என்று உரியவர்கள் உறுதிசெய்யவேண்டும் என்று அந்தத் தலைநகர அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.

உரியவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. என் மேலதிகாரி, இதுவரை யாரும் கையெழுத்துப் போடாத வகைக் காகிதத்தில் தான் போடமுடியாது என்றார். சந்தனமாரி என் மேஜையில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினாள். மேற்படி தூத்துக்குடியும் மேற்படி டூட்டிகோரினும் ஒரே ஊர்தான், அதே கடல், அதே ஆஸ்பத்திரி, அதே கட்டில் என்று பொருள்படும் உறுதிமொழி. துறைத் தலைவர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். உயிர் பிரிந்ததற்கு நிறையச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். ஊர் ஒன்றுதான் என்று கொடுத்தது அந்த ஒரு முறைதான்.

இன்னொரு சிக்கல். சரக்கை எடுக்க உரிமம் உள்ள ஏஜென்ட் வேண்டும். அந்த உரிமம் அவள் முதலாளியிடம் இருந்தது. ஆனால் அவர் ஆஸ்பத்திரி வேலை வேண்டாம் என்றார்; அரசாங்கக் காகிதத்தில் கை வைத்தால் வருஷக் கணக்கில் இழுக்கும், உனக்கென்ன இதில் இவ்வளவு அக்கறை என்றும் கேட்டிருக்கிறார்.

ஆபீஸில் ஆறு பேர் இருந்தார்களாம். அத்தனை பேர் முன்னாலும் அவள், “எனக்குக் கான்சர் அண்ணாச்சி. அந்தக் கட்டில்ல படுக்கது நான்தான்” என்று சொல்லிவிட்டாள்.

முதலாளி சம்மதித்தார். முள்சீத்தா இலைக்காரர் அன்று முழுக்க அவள் பக்கம் திரும்பவில்லையாம். அன்று சாயங்காலத்துக்குள் செய்தி ஏரல் கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. முருகேசன் கடையை அடைத்துவிட்டு வந்து, “ஒனக்கு எப்பம் தெரியும்?” என்று கேட்டிருக்கிறார். “ஒங்களுக்குத் தெரிஞ்ச அன்னைக்கே” என்றாளாம். இரண்டு பேரும் அழுது முடித்து, பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டதாகச் சொன்னாள். என் வாக்குறுதி இரண்டும் ஒரே நாளில் காலாவதியாயின.

ஆறு பேர்

இதுவரை நான் சொன்னதில் மற்றவர்கள்தான் சிரிப்புக்கு ஆளானார்கள். இப்போது என் முறை.

காகித வேலை தொடங்கிய மறுநாள் திருநெல்வேலியில் இருந்து ஒரு டாக்டர் கூப்பிட்டார். அவர்களுடைய இயந்திரத்தில் ஆறு பேருக்கு இடம் ஒதுக்கமுடியும் என்றார். தினமும் காலையில் போய் வரவேண்டும். நாற்பதில் ஆறு. நிறுத்தினால் ஆபத்து அதிகம் யாருக்கு என்று பார்த்து, கையில் கிடைத்த ஒரு நகல் தாளின் பின்பக்கம் பெயர்களை எழுதினேன். மூன்றாவது பெயர் சந்தனமாரி.

எழுதிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவள் தினமும் திருநெல்வேலிக்குப் போய்விட்டால் யார்டுக்கு யார் போவது? சூப்பிரண்டு அண்ணாச்சியா? கட்டில் ஏலத்துக்குப் போய்விட்டால் மிச்ச முப்பத்துநாலு பேர் என்ன ஆவார்கள்? இப்படியெல்லாம் எனக்கு நானே பேசி, அவள் பெயரை அடித்துவிட்டு, ஆறு பேரில் வராமல் ஏழாவதாக நின்ற காளியம்மாளின் பெயரை எழுதினேன். உப்பளத்தில் வேலை செய்கிற அம்மாள். அவர் நோயும் லேசானதில்லை.

காரணம் தயாராக வைத்திருந்தேன். சந்தனமாரியின் கட்டி மற்றவர்களுடையதைவிடச் சின்னது. உண்மைதான், ஒரு சென்டிமீட்டர் சின்னது. அந்த ஒரு சென்டிமீட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு பேருக்கு இடம் கிடைத்ததையே சொல்லவில்லை. மறுநாள் காலை, மேஜைமேல் இருந்த காகிதங்களை மொத்தமாக வாரி அவளிடம் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு யார்டுக்குப் போனாள்.

அடுத்த நாட்களில் அவள் வெயிலில் அலைந்தாள். நிழலே இல்லாத இடம் அது. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் நிலக்கரித் தூளும் சேலையில் படிந்து, கறுத்துப்போய் வந்து நிற்பாள். கதிரும் இல்லாமல், ஓய்வும் இல்லாமல். இடுப்பு வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னாள். மாத்திரை எழுதிக் கொடுத்தேன். கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சோதனைக்குப் படுத்தவர்கள்

கட்டில் வெளியே வந்தது. லாரியில் ஏற்றி, முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, அவளே டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டுவந்தாள். பெட்டியைப் பிரித்து, பொருத்தி, அளந்து சரிபார்க்க இரண்டு நாள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கட்டில் ஏறி, இறங்கிக் காட்டியது. கிரேஸ் சிஸ்டர் கண்ணை மூடி ஜெபம் செய்தார். நான் நாற்பது பேருக்கும் போன் செய்யச் சொன்னேன்.

அப்போதுதான் உத்தரவு வந்தது. முக்கியப் பிரமுகர் ஒருவர் திங்கட்கிழமை இந்தப் பக்கம் வருகிறார். புதுக் கட்டிலை அவர் கையால் தொடங்கிவைக்க வேண்டும். அதுவரை யாரும் உபயோகிக்கக்கூடாது.

நான் போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். கிரேஸ் சிஸ்டர் அவசரமே இல்லாமல் கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்தார்.

“உபயோகிக்கத்தான் கூடாதுன்னு சொன்னாங்க மேடம். சோதிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொல்லலையே” என்றார்.

“எத்தனை பேரை வச்சுச் சோதிக்கணும் சிஸ்டர்?”

“நாப்பது பேரு இருந்தாத்தான் தைரியமா சொல்லலாம்.”

திருநெல்வேலிக்குப் போகும் ஆறு பேரை அங்கேயே தொடரச் சொல்லிவிட்டு, மிச்சப் பேரை அன்று சாயங்காலமும் மறுநாளும் படுக்கவைத்தோம். பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே “சோதனை” என்று எழுதினார் சிஸ்டர். முதலில் படுத்தது சந்தனமாரி. நின்றுபோன நாளிலிருந்து அது பதினேழாவது நாள்.

திங்கட்கிழமை பிரமுகர் வந்து ரிப்பன் வெட்டினார். இன்று முதல் இந்தக் கட்டில் மக்களுக்கு அர்ப்பணிக்கப்படுகிறது என்றார். வராண்டாவில் காத்திருந்த மக்கள் கைதட்டினார்கள். அவர்களுக்கு அந்தக் கட்டிலில் மூன்றாவது நாள் கதிர் தாமதமாகிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கென்று தனியாக ஒரு கல்வெட்டும் பதித்தார்கள். சூப்பிரண்டு அண்ணாச்சி பெயர் அதில் உண்டு.

விட்டுப்போன நாட்களை ஈடுகட்ட சந்தனமாரிக்குக் கூடுதலாகச் சில முறை கதிர் கொடுத்தேன். கர்ப்பப்பைக்கு உள்ளேயே வைத்துக் கொடுக்கும் கதிரையும் முடித்தேன். கட்டி மறைந்தது. எனக்குத் தூக்கம் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து

இரண்டு வருஷம் கழித்து இடது கழுத்தெலும்புக்கு மேலே கோலிக்குண்டு அளவில் ஒரு நெறிக்கட்டியோடு வந்தாள். விரல் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சோதனைக்கு அனுப்பினோம். நோய் திரும்பியிருந்தது.

ரிப்போர்ட் வந்த நாள் அவள் தனியாகத்தான் வந்தாள். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ரிப்போர்ட்டை வாங்கி முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அந்தப் பதினேழு நாளாலயா மேடம்?”

இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில்கள் எங்களிடம் உண்டு. உடம்பு வாகு, நோயின் தன்மை, கடவுள். எல்லாமே நாக்கு நுனிவரை வந்தன.

“தெரியலை சந்தனமாரி. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். யாராலும் சொல்லமுடியாது” என்றேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “இன்னொண்ணு சொல்லணும். அன்னைக்குத் திருநெல்வேலியில ஆறு பேருக்கு இடம் இருந்துச்சு. உன் பேரை நான்...”

“தெரியும் மேடம்” என்றாள்.

“என்ன தெரியும்?” என்றேன்.

“நீங்க குடுத்த பேப்பரு பின்னால எழுதி இருந்துச்சு. மூணாவது பேரு. அடிச்சிருந்தீங்க.”

“அப்பவே தெரியுமா?”

“அன்னைக்கு யார்டுல வச்சே பாத்தேன்.”

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவள் மிச்ச நாளெல்லாம் அலைந்திருக்கிறாள். தினமும் என் முன்னால் வந்து, இன்ன கையெழுத்து கிடைத்தது, இன்னது பாக்கி என்று சொல்லியிருக்கிறாள். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். கேட்டு முடித்ததும்தான், கேட்கவேண்டியவள் நான் என்பது உறைத்தது.

அவள் குரல் உயரவில்லை. “நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டையும் பாத்திருப்பேன் மேடம். காலையில திருநெல்வேலிக்குப் போயிட்டு, மத்தியானம் யார்டுக்கு வந்திருப்பேன். பஸ்ஸு இருக்குலா. நீங்க கேக்கல.”

அதுதான் விஷயம். அவளா, நாற்பது பேரா என்று நான் மனசுக்குள் பெரிய தர்ம விசாரணை நடத்தித் தீர்ப்பு எழுதினேன். பஸ் நேரத்தைப் பார்க்கவில்லை. ஏரலில் இருந்து திருநெல்வேலிக்கு எத்தனை பஸ் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்பது டாக்டர்களுக்குப் பழக்கமில்லை.

மன்னித்துவிடு என்றேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. “இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க” என்றாள். சொன்னேன். ஒரு தாள் வாங்கி எழுதிக்கொண்டாள்.

எழுந்து போகும்போது, காளியம்மாள் எப்படியிருக்கிறார் என்று விசாரித்தாள். நன்றாயிருக்கிறார், உப்பளத்துக்குப் போகிறார் என்றேன். தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதம் தேடிக்கொள்வதற்காக நானாக எதையும் அதில் படித்துக்கொள்ளக் கூடாது என்று மட்டும் வைத்திருக்கிறேன்.

போன வாரம்

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அதனால்தான் இதையெல்லாம் எழுத முடிகிறது. என் இடத்தில் இப்போது கெட்டிக்கார இளம் டாக்டர் ஒருத்தி இருக்கிறாள். சந்தனமாரிக்கு அவள்தான் கீமோ கொடுக்கிறாள். ஆனாலும் பழைய நோயாளிகள் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுவார்கள். சந்தனமாரி அனுப்புவது மட்டும் பக்க எண்ணோடு, வரிசையாக இருக்கும்.

போன வாரம் ஸ்கேன் வந்தது. மூன்று முறை படித்தேன். கழுத்து நெறி பாதிக்கும் கீழே சுருங்கியிருக்கிறது. வேறெங்கும் புதிதாக இல்லை. இது குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மருந்து வேலை செய்கிறது, நாள் இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை நாள் என்று தெரியாது.

உடனே அவளைக் கூப்பிட்டேன். பஸ்ஸில் இருந்தாள். இரைச்சலில் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. “பாதியாச்சு. பாதிக்கும் கீழ. கேக்குதா?”

“கேக்குது மேடம்.”

அந்தப் பக்கம் கண்டக்டர் விசில் சத்தம். யாரோ கூடையைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள்.  இன்னும் விவரம் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன்.

“மேடம், ஏரல் வந்துட்டு. எறங்கணும். வீட்டுக்குப் போயிட்டுப் பேசுதேன்” என்று வைத்துவிட்டாள்.